ஓடையூரின் கீழத்தெரு

நேற்று சுமதி கொடுத்தனுப்பிய ஜாம் போத்தல் வந்து சேர்ந்தது. ஜெர்மனியில் அவளோடு வேலை செய்யும் பெண்ணின் அண்ணன் விடுமுறையில் ரங்கூன் வந்தவன், மாடி ஏறிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். மூடியைத் திறந்தேன். பழைய இலந்தை வடையில் கிராம்பைத் தட்டிப் போட்டதுபோல ஒரு வாசனை. பிளம்ஸ் பழத்தைச் சர்க்கரை சேர்க்காமல் அரைநாள் அடுப்பில் கிண்டி எடுப்பார்களாம். மரம் நிற்பது நம் மகள் இப்போது குடியிருக்கும் வீட்டின் பின்புறம், ஓடைக்கரையில். அந்த மரத்தை உங்களுக்குத் தெரியாது. அவள் அந்த வீட்டுக்குப் போனதே நீங்கள் கண்ணை மூடிய பிறகுதான்.

அவளை ஜெர்மனிக்கு அனுப்பவேண்டும் என்றது நான். நீங்கள் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நகருக்கு வெளியே லைங் தாயாவில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து தொழிற்சாலை பஸ்ஸில் வந்து, நகருக்குள் லத்தாவில் ஒரு மாடியறையில் நடந்த ஜெர்மன் வகுப்பில் உட்காருவாள். முதியோர் இல்லத்தில் வேலையும் படிப்புமாக மூன்று வருஷப் பயிற்சி. இடம் கிடைத்தபோது ஊரின் பெயரை உங்களுக்கு எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்தாள். உங்கள் வாயில் அது நுழையவில்லை.

"கடைசியில பாஹ்னு வருதே, அதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டீர்கள்.

"ஓடைப்பா. சின்ன ஆறு."

"அப்ப ஓடையூர்."

நம் வீட்டில் அதன்பின் அந்த ஊருக்கு வேறு பெயர் இருக்கவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தது குளிர்காலத் தொடக்கத்தில். ஒவ்வொரு நாளும் போனில் அழுதாள். "நாலு மணிக்கே இருட்டிருதும்மா. தெருவுல ஆள் நடமாட்டமே இல்ல. அவங்க பேசுறது வகுப்புல படிச்ச மாதிரி இல்லம்மா, ஒண்ணும் புரியல. என்னால முடியாது." நான், முடியவில்லை என்றால் வந்துவிடு என்றேன். நீங்கள் என் கையிலிருந்து போனை வாங்கினீர்கள்.

"ஆத்தா, அந்த ஓடை எங்கிட்டு ஓடுது?"

"தெரியாதுப்பா. நான் பாக்கல."

"பாத்துட்டுச் சொல்லு."

அவள் போனை வைத்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "பிள்ளை அழுதுக்கிட்டு இருக்கா, நீங்க தண்ணி எங்கிட்டு ஓடுதுன்னு கேக்கறீங்க. உங்களுக்கு நெஞ்சில ஈரமே இல்லையா?"

"அழுகைக்கு நான் என்னத்தச் சொல்ல?" என்றீர்கள். "எனக்குத் தெரிஞ்சதைத்தானே கேக்க முடியும்."

அது உண்மைதான். உங்கள் ஆயுளில் பாதி த்வாண்டே கால்வாயில் கழிந்தது. கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கி, எங்கே மண் மேடிட்டிருக்கிறது, எந்த வழியாகக் கப்பல் போகலாம் என்று பார்த்துச் சொல்வது உங்கள் வேலை. வீட்டுக்கு வந்த பிறகு அதைப் பற்றிப் பேசமாட்டீர்கள்.

சில நாட்கள் அவள் கூப்பிடவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. போனைத் திருப்பி ஓடையைக் காட்டினாள். "வடக்கால ஓடுதுப்பா. இத்துனூண்டு. தாவிக் குதிச்சிரலாம்."

"எதுல போய்ச் சேருது?"

"அதுவும் பாக்கணுமா?" என்றாள். குரலில் அழுகை இல்லை, எரிச்சல்தான் இருந்தது.

அதைப் பார்க்க அடுத்த ஊர்வரை நடந்தாள். அவள் நடந்த வழி முன்பு ரயில் ஓடிய தடமாம். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுச் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். இப்படித்தான் வாரம் ஒரு கேள்வியாக அந்த ஊர் நம் வீட்டுக்குள் வந்தது. இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. வெயில் படும் சரிவில் பழத்தோட்டம், படாத சரிவில் ஊசியிலைக் காடு. வீடுகளின் கூரையெல்லாம் தகடு தகடாக வெட்டிய கறுப்புக் கல். அந்தக் கல்லை எடுத்த சுரங்கத்தின் வாய் இப்போதும் மலையில் திறந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் உருளைக்கிழங்கு அழுகிப்போய், ஊரில் பாதிப் பேர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியிருக்கிறார்கள். இரண்டு யுத்தங்களில் செத்தவர்களின் பெயர்களைக் கிறிஸ்தவக் கோயில் வாசலில் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். இரண்டிலும் அதே நாலைந்து குடும்பப் பெயர்கள். இதையெல்லாம் சுமதி யாரையாவது நிறுத்திக் கேட்டுத்தான் சொன்னாள். கேட்பதற்கு முதலில் வணக்கம் சொல்லவேண்டியிருந்தது.

கோயிலும் பழைய வீடுகளும் மேட்டில் இருக்க, ஓடையை ஒட்டிப் பள்ளத்தில் ஒரே ஒரு தெரு மட்டும் ஏன் என்பது உங்களுக்கு விளங்கவில்லை. "மேல இடம் இருக்கையில எவன் பள்ளத்துல போய்க் கட்டுவான்? கேளு" என்றீர்கள். வேலையிடத்தில் இளையவர்கள் யாருக்கும் தெரியவில்லை. இல்லத்தில் லிண்டெ என்று ஓர் அம்மாள் இருந்தார். யாரோடும் பேசாதவர், கரண்டியைத் தள்ளிவிடுகிறவர். ஒருநாள் அவருக்குத் தலை வாரிவிடும்போது, தெரிந்த அரைகுறை ஜெர்மனில் சுமதி அதைக் கேட்டிருக்கிறாள். அவர் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னாராம். "நாங்கள் கட்டினோம். பிந்தி வந்தவர்கள்."

இரண்டாம் யுத்தம் முடிந்தபோது கிழக்கே வெகுதூரத்திலிருந்து துரத்தப்பட்டு, தாயோடு தள்ளுவண்டியில் வந்த குழந்தை அவர். ஊர்க்காரர்கள் அவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். பேச்சு வேறு மாதிரி இருக்கிறதென்று சிரித்தார்கள். வருஷக் கணக்காக அங்கே இருந்த பிறகு வீடு கட்டிக்கொள்ள நிலம் கொடுத்தார்கள். தண்ணீர் ஏறும் என்று ஊரில் யாரும் தொடாத நிலம் அது.

சுமதி இதைச் சொல்லி முடித்ததும், "நம்ம லயன் மாதிரி" என்றீர்கள். நீங்கள் பிறந்த ரயில்வே லயன் வீட்டில் மழைக்காலம் முழுக்க முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். பிறகு, "அவங்களைத் திரும்பிப் போகச் சொன்னாங்களான்னு கேளு" என்றீர்கள்.

மறுநாள் பதில் வந்தது. "சொன்னாங்களாம்ப்பா. ஆனா போறதுக்கு இடம் இல்லையாம். அவங்க ஊரு இப்ப வேற நாட்டுல இருக்காம்."

அன்றைக்குத்தான் உங்கள் அண்ணனைப் பற்றி முதல்முறையாகச் சொன்னீர்கள். பர்மாவை விட்டு நம் ஆட்கள் எல்லாரும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறிய காலத்தில் அவரும் ஏறினார். நீங்கள் துறைமுகத்தில் மறுபக்கம் திரும்பி நின்றிருக்கிறீர்கள். கப்பல் திரும்புவதைப் பார்த்தால் நீங்களும் போய்விடுவீர்கள் என்று பயந்தீர்களாம். நம் கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது. நான் கேட்டதுமில்லை.

பிறகு உங்கள் ஈரல் கெட்டது. டாக்டர் மறைக்கவில்லை, நாமும் சுமதியிடம் மறைக்கவில்லை. புறப்பட்டு வருகிறேன் என்றாள்.

"இந்தப் பட்டாள ஆட்சியில, வந்தா திரும்பப் போக விடுவாங்களா?" என்று கேட்டீர்கள்.

"யாருக்கும் தெரியலப்பா."

"அப்ப வேணாம். அங்கனயே இரு."

அவள் அழுதாள். நீங்கள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தீர்கள். அன்றைக்கு ஓடையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அப்போதுதான் நிலைமை புரிந்தது.

மழை ஓய்ந்த சமயத்தில் போனீர்கள். அஸ்தியை ஆற்றில் கரைத்தோம். உங்கள் தங்கை மகன் போனைப் பிடித்துக்கொள்ள, சுமதி அங்கிருந்து பார்த்தாள். அதன்பின் நான் மாடியை விட்டு இறங்கவில்லை. காய்கறிக்காரிக்குப் பால்கனியிலிருந்து கயிற்றில் பையை இறக்கினேன். அரிசியும் அப்படித்தான் மேலே வந்தது. இறங்கவேண்டிய அவசியம் ஏதும் இல்லை.

அங்கே பனி உருகும் பருவத்தில் ஒருநாள் ஓடை பெருகியது. பள்ளத்துக் கீழத்தெருவில் லிண்டெ அம்மாவின் வீடு சும்மா கிடந்ததால் சுமதி அதில் வாடகைக்குப் போயிருந்தாள். வாசற்படியில் தண்ணீர் நிற்பதைப் போனில் காட்டினாள். பின்னால் யாரோ ஆண்களும் பெண்களுமாக மணல் மூட்டைகளைக் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி "சூமாத்தி, சூமாத்தி" என்று கூப்பிட்டாள். "அம்மா, பொறகு பேசறேன்" என்று இவள் வைத்துவிட்டாள். நான் அன்று முழுக்கப் போனைக் கையில் வைத்திருந்தேன். பயத்தில் இல்லை. அவளைக் கூப்பிட்ட அந்தக் குரல் காதில் இருந்தது.

உங்கள் முதல் வருஷத் திதிக்கு அவள் அங்கே பாயசம் வைத்து லிண்டெ அம்மாவுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அவர் இரண்டு கரண்டி சாப்பிட்டுவிட்டு, உங்களைக் கரைத்த ஆறு எவ்வளவு ஆழம் என்று கேட்டாராம்.

"அம்மாட்ட கேட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டேன்" என்றாள் சுமதி.

"எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சவரு போயிட்டாரே."

"யார்ட்டயாவது கேளும்மா. அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போனேன். வெயிலில் கண் கூசியது. சம்பான் படகு ஓட்டும் ஒருவரிடம் பர்மியத்தில் கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எந்த நேரத்தில் ஆண்ட்டி? நீர் ஏற்றத்திலா, வற்றத்திலா?" என்று திருப்பிக் கேட்டார்.

ஓர் ஆற்றுக்கு ஒரே நாளில் இரண்டு ஆழம் உண்டென்று உங்களோடு இத்தனை காலம் வாழ்ந்தும் எனக்குத் தெரியாது. என்ன நினைத்தாரோ, "ஏறி உட்காருங்கள், காட்டுகிறேன்" என்றார். நடு ஆற்றுக்குப் போய், நீண்ட மூங்கில் ஒன்றை இறக்கினார். கை தண்ணீரில் முழங்கைவரை நனைந்தது. மூங்கில் தரையைத் தொடவில்லை.

"வற்றத்திலேயே எட்டவில்லை. அப்படியே சொல்லுங்கள்" என்றார்.

அப்படியே சொன்னேன். நேற்று போத்தல் வந்த பிறகு சுமதி கூப்பிட்டாள். லிண்டெ அம்மாவிடமிருந்து அடுத்த கேள்வி வந்திருக்கிறது. எதிர்க்கரையில் யார் குடியிருக்கிறார்கள், அவர்கள் எப்போது வந்தவர்கள் என்று.

நான் போயே இராத ஓடையூரில் கோயிலிலிருந்து கீழத்தெருவுக்கு இறங்க எனக்கு வழி தெரியும். இந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டே கிழவியானேன், எதிர்க்கரைத் தலாவில் இருக்கிறவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாளைக் காலைப் படகில் போகிறேன்.