ஒரு அகப்பைச் சோறு

அம்பாசமுத்திரம்
12.8.1997

அத்தானுக்கு,

தூத்துக்குடியில இருந்து நீங்க போட்ட கடிதம் கிடைச்சுது. மருமக பிருந்தாவுக்குச் சோத்தைக் குறைக்கணுமாம், பிள்ளை சின்னதா இருந்தாத்தான் பிரசவம் லேசா இருக்குமாம். சுந்தரை நான் சுமந்தப்பவும் உங்க அம்மா இதைத்தான் சொன்னாங்க. ஒரு அகப்பைச் சோத்தோட நான் எந்திரிச்சேன். பக்கத்துல இருந்த நீங்க, ரசத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டீங்க.

ரெண்டு கிலோவுல பிறந்தவனுக்கு இருபத்தஞ்சு வயசுல சர்க்கரை. நான் இனிப்பு குடுத்துக் கெடுத்தேன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. நேத்து பாளையங்கோட்டை டாக்டர் முதல்ல கேட்டது அவன் பிறந்த எடையைத்தான். வயித்துலயே பட்டினி கிடந்தா உடம்பு மிச்சம்பிடிக்கப் பழகிடுதாம். பின்னால நல்ல சாப்பாடு கிடைச்சா அதைத் தாங்கமாட்டேங்குதாம்.

பிருந்தா இப்ப ரெண்டாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிடுதா. பானைச் சூட்டுக்கு உங்க கடிதத்தைத்தான் அடியில போட்டிருக்கேன்.

இப்படிக்கு,
அன்னைக்குப் பசிக்குதுன்னு சொல்லாத உங்க மனைவி