பின் சீட்டுக்கு ஒரு டயர்

ஐப்பசி 6, வியாழன்

விடிந்ததில் இருந்து தூறல். நிற்கவும் இல்லை, வலுக்கவும் இல்லை. துவைத்த துணி மூன்று நாளாகக் கொடியில்.

செய்ய வேண்டியவை: மாட்டுச் சினை ஊசிக் கேனுக்கு நைட்ரஜன். மழைக்கோட்டுக்குப் பட்டன். பின் டயர் மாற்றுவது. கடைசிதான் அவசரம்.

தனம் இன்றைக்கும் மினி பஸ்ஸில்தான் அங்கன்வாடிக்குப் போனாள். ஒரு வாரம் ஆகிறது. விஜயதசமி அன்று, புதுப் பிள்ளைகளைச் சேர்க்கிற நாள் என்று புதுச் சேலை கட்டி, தூக்குச்சட்டியில் கேசரியோடு என் பின்னால் உட்கார்ந்தாள். ஊருணி வளைவில் வண்டி வழுக்கியது. இரண்டு பேரும் சேற்றில். அடி ஒன்றும் இல்லை. கேசரி போச்சு.

எழுந்ததும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நீ பின்னாடி அசைஞ்சுட்ட, அதான்" என்றேன். காலி தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நடந்து போனாள். வீட்டில் எல்லாம் பேசுகிறாள், சிரிக்கிறாள், சோறு போடுகிறாள். வண்டியில் மட்டும் ஏற மாட்டாள்.

கல்யாணம் ஆனதில் இருந்து தினமும் காலையில் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவாள். பாதி காற்றில் போய்விடும். இப்போது வண்டி லேசாக ஓடுகிறது. எனக்குப் பிடிக்கவே இல்லை.

ஐப்பசி 7, வெள்ளி

காலை ஆறு மணிக்கே போன். "அண்ணே, மாடு ராத்திரியிலேருந்து கத்துது. இன்னைக்கே வந்துருங்க." சினை ஊசி போடுகிறவனுக்கு லீவு ஏது. மாடு கத்துகிற அன்றைக்குப் போனால்தான் உண்டு. விட்டால் இருபத்தோரு நாள் காத்திருக்க வேண்டும்.

குன்றாண்டார்கோவில் தாண்டி உள்ளே போகிற பாதை. குழாய் பதிக்கத் தோண்டி, ஜல்லியைக் கொட்டி அப்படியே விட்டிருக்கிறார்கள். அதற்கு அப்புறம் களிமண். பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. கேனைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளினேன். மாட்டுக்காரம்மா தொழுவத்தில் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன்ப்பா, டயரா இது? பழனிக்குப் போயி மொட்ட போட்டு வந்த மாதிரில்ல இருக்கு!"

சரியான பேச்சு. தனத்திடம் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று தோன்றியது. டயர் பேச்சை எடுத்தால் விஜயதசமி வந்துவிடும். சொல்லவில்லை.

எந்த டயர் என்று வழியெல்லாம் கேட்டேன். டீக்கடைக்காரர்: "பட்டன் டயர் போடுங்க, மலையே ஏறும்." பால் வண்டிக்காரர்: "பட்டன் டயரா? தார் ரோட்டுல காது கிழியும்." மச்சான் போனில்: "டயரு கெடக்கட்டும் மாமா, வண்டியவே மாத்துங்க." போனை வைத்துவிட்டேன்.

ஐப்பசி 8, சனி

மழை விட்டது. கீரனூர். அந்தோணி கடை. அவன் ஒருவன்தான் விற்பதற்கு முன்னால் கேள்வி கேட்கிற ஆள்.

"தார் ரோடு எவ்வளவு, மண் ரோடு எவ்வளவுண்ணே?"

"பாதிக்குப் பாதி."

"பின்னாடி ஆளு உக்காருவாங்களா?"

"உக்காரணும்" என்றேன்.

கட்டை கட்டையாக இருக்கிற பட்டன் டயரைத் தள்ளி வைத்துவிட்டான். "இது சேத்துக்கு ராஜா. நனைஞ்ச தார்ல பிடிப்பு கம்மி. வழவழன்னு கோடு போட்டது தாருக்குத்தான். ஒங்களுக்கு இந்தா, இது. நடுவுல நெருக்கம், ஓரத்துல கட்டை. அங்கிட்டும் போகும், இங்கிட்டும் போகும்." முன் டயர் இன்னும் ஒரு வருஷம் வருமாம். மார்கழிக் குளிரில் காற்று தானாகக் குறையும், வாரம் ஒரு தரம் பார்க்கச் சொன்னான்.

பழசைக் கழற்றும்போதுதான் வந்தது வினை. டயரின் பக்கவாட்டில் விரலை வைத்துத் தேய்த்தான். மோந்து பார்த்தான்.

"அண்ணே, தலைக்குத் தேய்க்கிறத டயருக்குத் தேய்ச்சிருக்கீங்களே!"

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும்தான். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆயுத பூஜைக்கு வண்டி கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, டயர் கறுகறுவென்று இருக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் தேய்த்தவன் நான். எல்லாரும் பக்கவாட்டோடு நிறுத்துவார்கள் போல. நான் ரோட்டில் படுகிற இடத்தையும் விடவில்லை. மறுநாள் காலை முதல் சவாரி. முதல் வளைவு.

அவள் அசையவே இல்லை.

ஐப்பசி 9, ஞாயிறு

நல்ல வெயில். புது டயரில் ஒரு வழவழப்பு இருக்கும், தேய்கிற வரை மெதுவாகப் போங்க என்று அந்தோணி சொன்னதால் கண்மாய்க் கரையில் மேலும் கீழும் ஓட்டிக்கொண்டே இருந்தேன். ஜல்லியில் போனேன், சேற்றில் போனேன், ஊருணி வளைவில் மட்டும் எட்டுத் தரம். ஆடு மேய்க்கிற அண்ணன், "என்ன, லைசென்ஸ் எடுக்கப் போறியா?" என்று கேட்டார். வண்டி பிடித்து நின்றது. அருமையான டயர்.

தனம் வாசலில் வந்து பார்த்தாள். குனிந்து தடவியும் பார்த்தாள்.

"நல்லாத்தாங்க இருக்கு."

"நாளைக்கு வர்றியா?"

"பஸ்ஸு இருக்குல்ல."

இட்லிக்கு அரைக்கப் போய்விட்டாள். சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தரம் அடுப்படி வரை போனேன். ஒரு தரம் தண்ணீர் குடித்தேன். இன்னொரு தரம் உப்பு இருக்கிறதா என்று கேட்டேன். நானா உப்பு கேட்கிற ஆள்? வெட்கமாக இருக்கிறது. ஒரு மனுஷி மேல் பழியைப் போட்டுவிட்டு உப்பு கேட்டு நிற்கிறேன்.

ஐப்பசி 10, திங்கள்

கொட்டு மழை. எட்டரைக்குக் கொஞ்சம் விட்டது. தனம் குடையோடு கிளம்பினாள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு நிறுத்தம் வரை பின்னாலேயே போனேன். பஸ் வருகிற சத்தம் கேட்டது. இதற்கு மேல் தாங்காது என்று போட்டு உடைத்தேன்.

"தனம், நீ அசையல. நான்தான் டயருக்கு எண்ணெயத் தேய்ச்சு வச்சிருந்தேன். தப்பு என்னோடதுதான்."

நிறுத்தத்தில் நின்ற நாலு பேரும் கேட்டார்கள். கேட்கட்டும்.

அவள் குடையை மடக்கினாள். "தெரியும். அன்னைக்குச் சேலைய அலசுறப்பவே தேங்கா எண்ணெய்க் கறை. எத்தன சோப்பு போட்டும் போகல. நீங்களாச் சொல்றீங்களான்னுதான் பாத்தேன்."

பஸ் வந்தது, நின்றது, போயிற்று. அவள் பின் சீட்டை முந்தானையால் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். மனசு நிறைந்துவிட்டது எனக்கு.

பாதி வழியில் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள்:

"மினி பஸ்ஸுல நின்னு நின்னு முட்டி போச்சுங்க. இன்னும் ரெண்டு நாளு நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா நானே வந்து ஏறியிருப்பேன்."

அடிப்பாவி. ரெண்டே நாள்!