மகளென்று எழுதிய மனைக்கு மறுமொழி

பிறை சூடிய பெருமான் தாள்நிழல் தண்கொன்றை நாட்டைக் காக்க. மாரி பிழையாது பெய்க. மன்னர் பெருநற்சாத்தனார் செங்கோல் நிமிர்க.

அறங்கூறவைத் தலைவன் நெடுநல்லாதன், ஓங்கெயிலூர் ஆளும் வேள் மாறங்காரியார்க்கு வரைந்து விடுக்கும் ஓலை. நும் ஊரும் ஏரியும் வாயிற்களிறும் நலமே வாழ்க.

நும் மனையில் ஒன்பதாண்டு ஏவல் செய்த பெண்ணொருத்தி, தாயின் ஈமக்கடனுக்கென நும் விடையின்றி வாயில் கடந்தாள் என்றும், அவளைப் பற்றிக் கொணர்ந்து தருக என்றும் நீர் விடுத்த முறையீட்டை அவையில் படித்தோம். மனைப்பணியாளர்க்கு ஏழு நாளில் ஒருநாள் ஓய்வும், பிறப்பு இறப்புக்குத் தடையின்றிப் போய்வரும் உரிமையும் வேந்தர் விதித்திருக்க, அவள் பணியாள் அல்லள், எம் மகளே, ஆதலின் அவ்விதி எம் மனைக்கு இல்லை என எழுதியிருந்தீர். கேட்ட அவையோர் உருகினர்; அம்மகளின் பெயர் ஓலையில் எங்கும் இல்லாதது கண்டு சிறிதே விழித்தனர்.

பெயர் கேட்டுவரத் தூதனை விடுத்தோம். "'அடியே'ன்னு கூப்பிட்டா வந்துடுவா, அது போதாதா?" என நும் தேவியார் அவனையே வினவினாராம். மற்றை ஏவலர் வாயால் அவன் அறிந்த அவள் பெயர் சேந்தி, எழுதிக்கொள்க. நீர் பெற்ற மகளிர் இருவரும் கட்டிலில் துயில, இம்மூன்றாம் மகள் உரல் கிடக்கும் கொட்டிலில் துயின்றதையும், மனையோர் அனைவரும் உண்டு கைகழுவிய பின்னரே இவளுக்குச் சோறு கிடைத்ததையும் தூதன் அறிந்து வந்தான். இத்தகைய தந்தையன்பை எத்திருப்பதிகத்திலும் யாம் ஓதியதில்லை.

பின்னர்ச் சேந்தியை அவைக்கு அழைத்து, மகள் என்பாயாயின் மகளுக்குரியன யாவும் அம்மனையில் வாங்கித் தருவோம், நின் விருப்பம் யாது என்றோம். அவளோ, "மகளும் வேணாம், மருமகளும் வேணாம் சாமி. வேலைக்காரின்னே எழுதுங்க, அவளுக்குத்தான் சட்டம் இருக்கு. ஆத்தாளுக்குச் செய்யவேண்டியதைச் செஞ்சிட்டு, பெறகு எந்த வீட்டு வேலைக்குப் போறதுன்னு நானே பாத்துக்கறேன்" என்றாள். நும் நெடிய ஓலையினும் அவள் சொல் அவைக்குத் தெளிவாயிருந்தது.

ஆகலின், சேந்தி பணியாளே என விதித்தோம். அவள் செல்லும் வழியில் நும் காவலர் நிழலும் விழலாகாது.

நும் மனையில் மேலும் பதினொருவர் ஏவல் செய்கின்றனராம். அவர்களும் நும் மக்களா, பணியாளரா என்பதை அவர்தம் வாயாலேயே கேட்க விழைகின்றோம். வரும் முழுமதி நாளில் ஒருவர் குறையாமல் அவைக்கு அனுப்புக. அன்று நும் அடுக்களையில் உலை ஏற்றுவார் யார் என்னும் கவலையை நுமக்கே விடுகின்றோம்.

கொன்றைத்தார் பொறித்த அரச இலச்சினை இட்டோம். இவ்வாணை மீறற்பாலதன்று.