கழற்றி வைத்த மூடி

அருப்புக்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள இன்பராஜுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், ஷார்ஜாவில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். நம் பட்டறை முனீஸ்வரனைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. ரம்பத்தில் அறுந்து, ஒட்டித் தைத்த ஆள்காட்டி விரல் கறுத்துவிட்டதால் நேற்று அதை எடுத்துவிட்டார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரே என்னிடம் சொன்னார். நடுவிரல் நிற்குமா என்று அவருக்கே இன்னும் தெரியவில்லை.

போனில் சொன்னால் நீ பாதியிலேயே மறித்துப் பேசுகிறாய். அதனால் எழுதுகிறேன், முடித்ததும் போட்டோ எடுத்து அனுப்புவேன். ஆடியில் லீவுக்கு வந்தபோது அறுவை மிஷினுக்கு மேலே அலுமினியப் பட்டை ஒன்றை நீட்டி, அதில் நீயே செய்த லேசர் விளக்கைப் பொருத்தினாய். கட்டை மேல் சிவப்புக் கோடு விழுந்தது, ரம்பம் அந்தக் கோட்டிலேயே போனது. இனி சாயநூல் தட்டிக் கோடு போட வேண்டாம் என்றாய். எனக்கும் பெருமைதான். பாலவனத்தத்திலிருந்து கதவு செய்யச் சொல்ல வந்தவர்களை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன். ஆனால் ரம்பத்தின் இரும்பு மூடி கோட்டை மறைத்தது, அதைக் கழற்றி மரத்தூள் மூட்டைக்குப் பின்னால் வைத்தாய். மூடி இல்லாமயா தம்பி என்று முனீஸ்வரன் கேட்டான். கோட்டுக்கு அங்கிட்டு கையை வச்சுக்கங்கண்ணே, ரம்பம் என்ன தேடி வந்தா கடிக்கும் என்றாய். அவனும் சிரித்தான்.

ஆயுத பூஜைக்கு உன் அம்மா எல்லா மிஷினுக்கும் முழம் பூ வைத்தாள். உன் விளக்குக்கு மட்டும், எம்புள்ள கையால செஞ்சது என்று சொல்லி, கனத்த செவ்வந்தி மாலையும் எலுமிச்சம்பழமும் தொங்கவிட்டாள். பூஜை மாலை தானாக வாடும்வரை நாம் கழற்றுவதில்லை, உனக்கே தெரியும். மாலையோடுதான் மறுநாள் மிஷினை ஓட்டினோம். ஈர மாலையின் கனத்தில் பட்டை தொய்ந்திருக்கிறது. கோடு நேராகவே விழுந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பிறகு நான் அளந்து பார்த்தேன், ரம்பத்தை விட்டு ஒரு விரல் அகலம் தள்ளி விழுந்திருந்தது. பூஜைக்குப் பிறகு அறுத்த முதல் கட்டை அது, கதவு நிலைக்கு உள்ள வேம்பு. கனமான கட்டைக்கு அடியில் ரம்பம் போவது மேலே தெரியாது, முடியும் இடத்தில்தான் வெளியே வரும். கோட்டைப் பார்த்துத்தான் கை வச்சேன் அண்ணாச்சி, கைக்கு நேரா வந்துருச்சு என்று முனீஸ்வரன் சொன்னான்.

இதைச் சொன்னதும் நீ கேட்டது, லேசர்ல தப்பில்லப்பா, அதுல மாலையைப் போடச் சொன்னது யாரு என்று. போன் ஸ்பீக்கரில் இருந்தது, உன் அம்மா பக்கத்தில் நின்றாள். அன்றிலிருந்து அவள் சாமி படத்துக்குக்கூடப் பூ வாங்குவதில்லை. பட்டை தொய்ந்தது மாலையால்தான், மறுக்கவில்லை. மூடி இருந்திருந்தால் கை அதில் முட்டி நின்றிருக்கும். அதை அவள் கழற்றவில்லை. மூடி இல்லாவிட்டால் எங்க கம்பெனியில மிஷின் ஓடவே ஓடாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். அங்கே உள்ள கைகளுக்கு ஒரு நியாயம், நம் பட்டறைக்கு ஒரு நியாயமா? கழற்றும்போது தடுக்காமல் நின்றவன் நான் என்று முனீஸ்வரனிடம் சொல்லிவிட்டேன். உன் பங்கை நான் சொல்ல முடியாது.

அவன் மனைவி அழகுத்தாய்தான் சோறு ஊட்டிவிடுகிறாள். தம்பி போன் போட்டுச்சான்னு அவுக தெனமும் கேக்குறாக, நான் என்ன சொல்லட்டும் என்றாள். அடிபட்ட அன்றைக்கே, விரல் அறுந்ததை உன்னிடம் சொல்ல வேண்டாம், அங்கே தனியாக இருக்கிற பிள்ளை மனசு கஷ்டப்படும் என்று முனீஸ்வரன் என்னைத் தடுத்தான். நீ மாலையைப் பற்றிக் கேட்டதும் அதே நாள்தான்.

உன் விளக்கைக் கழற்றிவிட்டேன், மூடியை மாட்டிவிட்டேன். மல்லாங்கிணற்றில் மழை பெய்ததாம், உன் அக்கா ரேணுகாதேவி மக்காச்சோளம் விதைத்திருக்கிறாள். வெயிலில் வேலை பார்த்துவிட்டு வந்த உடனே குளிக்காதே, வேளைக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது, உன் பத்து விரலும் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வேண்டிக்கொள்கிறோம்.

செவ்வாய்க்கிழமை காலையில் முனீஸ்வரனுக்குக் கட்டுப் பிரிக்கிறார்கள். நடுவிரல் நிற்குமா என்று அன்று தெரிந்துவிடும். அதற்கு முன்னால் அவனுக்குப் போன் போடு. தெரிந்த பிறகு போட்டால், விரல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது வேறு போன்.

இப்படிக்கு,
உன் அப்பா
ராமசுப்பு