அப்பாவுக்கு மிஞ்சிய பாஷை

மதுரை
24.8.2003

சிரஞ்சீவி சாய்பிரசாத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம். அங்கே மருமகளும் பேரப்பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க மீனாட்சியை வேண்டிக்கொள்கிறேன். உன்னைப் பற்றி இந்த வரியில் எழுத மனசு வரவில்லை. அப்பா சௌக்கியம் என்று கை தவறி எழுதவில்லை, மேலே படி. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் கடிதம்.

ஆடி மாசம் வந்தாய். கட்டில் பக்கத்தில் நின்று அப்பா கண்ணில் டார்ச் அடித்தாய், உள்ளங்காலைச் சாவியால் கீறினாய், பேனாவைக் காட்டி இது என்ன என்றாய், கண்ணை மூடுங்கள் என்றாய், எல்லாம் தமிழில். அந்த மனுஷன் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைச் சமையற்கட்டுக்குக் கூப்பிட்டு, மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது, வலது கை காலை ஆட்டிவைப்பது அந்தப் பக்கம்தான், பேச்சும் அங்கேதான், இரண்டும் சேர்ந்து போய்விட்டது, இனி அவருக்கு ஒன்றும் புரியாது, கோயம்புத்தூரில் ஒரு ஹோமில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, கையோடு காபி கேட்டாய். போட்டும் கொடுத்தேன்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே போனில் நீ போட்ட உத்தரவு ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பாஷை பேசினால் மூளை குழம்பும், தமிழில் மட்டும் பேசுங்கள் என்றாய். அமெரிக்காவில் நரம்பு டாக்டராக இருக்கிற பிள்ளை சொல்கிறான் என்று வீடே கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவரோடு நம் சௌராஷ்டிர பாஷையைத் தவிர வேறு பேசாதவள், மூணாம் மனுஷி மாதிரி, சாப்பிடுங்க, மாத்திரை போடுங்க என்று தமிழில் பேசினேன். யார் இந்தப் பொம்பளை என்பது போல என்னைப் பார்ப்பார். நோய் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் செல்லூரிலிருந்து உன் அத்தை ஹம்சவேணி வந்தாள். அவளிடம் உன் உத்தரவெல்லாம் செல்லுமா? கட்டிலில் உட்கார்ந்து, சம்பந்தியம்மாள் சண்டைக்கு வந்து கால் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்த கதையை நம் பாஷையில் அளந்தாள். நாற்காலி சரிந்த இடம் வந்ததும் உன் அப்பா சிரித்தார், வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு. நான் ஓடிப்போய்ப் பசிக்கிறதா என்று நம் பாஷையில் கேட்டேன். திக்கித் திக்கி, இத்தனை நாள் ஏன் என்னோடு பேசவில்லை, என் மேல் என்ன கோபம் என்று கேட்டார். அதற்கு நீயே பதில் சொல்.

இங்கே பார்க்கிற டாக்டரிடம் சொன்னேன். சில பேருக்கு ஒரு பாஷை போயி இன்னொண்ணு தங்கிரும்மா, வீட்டுல வேற பாஷைன்னு யாருமே சொல்லலையே, உங்க மகனுக்கா இது தெரியாது என்று கேட்டார். தெரிந்தும் உனக்கு ஏன் தோன்றவில்லை என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள் வந்தால் தமிழில் பேசும்மா என்று என் காதைக் கடிப்பாய். நம் பாஷையை நீ ஒரு பாஷையாகவே மதித்ததில்லை, அப்பா தலைக்குள் அது இருக்கும் என்று எப்படித் தோன்றும்?

ஹோமுக்கு அனுப்ப மாட்டேன். அங்கே அவரோடு யார் பேசுவார்கள்? கடிதம் கிடைத்த அன்றே அவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய், ரிசீவரை அவர் காதில் வைக்கிறேன், நம் பாஷையில் பேசு. மறந்திருந்தால் அப்பாவைக் கூப்பிடுகிற அந்த ஒரு வார்த்தை போதும். அதற்கும் கூச்சமாக இருந்தால் போன் செய்யாதே. வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, திட்டினாலும் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். யாருக்கு என்று கேட்டார், உனக்கு என்றேன். வாசி என்றார். இதுவரை எழுதியதை அப்படியே தமிழில் வாசித்தேன். ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியவில்லை. பிள்ளைக்கு எழுதியது என்று தலையாட்டிச் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆசீர்வாதம் எழுதச் சொன்னார். அவருக்காக எழுதுகிறேன், நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அம்மா
பத்மாசினி