எடை போடாமல் எழுதிய மாதங்கள்

இன்று காலை மையத்தில் புதிய சத்துமாவுப் பொட்டலத்தைப் பிரித்தேன். வறுத்த மாவின் வாசனை எழுந்ததும் உன் நினைவு வந்தது. கடலைக்கொல்லை மண் ஒட்டிய காலோடு வாசலிலேயே நின்று, பிள்ளைக்குக் கொடுக்கும் முன் ஒரு சிட்டிகை மாவை வாயில் போட்டுப் பார்ப்பாய். "இன்னா டீச்சர், சிக்கு வாட அடிக்குது. பழைய மாவா?" என்பாய். எங்கள் அங்கன்வாடிக்கு வந்த தாய்மார்களில் அப்படிக் கேட்டவள் நீ ஒருத்திதான். உன்னைக் கண்டாலே எனக்கு எரிச்சலாக இருக்கும். அதை இப்போது மறைக்க வேண்டியதில்லை.

அப்போது மையம் ஒரு வாடகை அறையில் நடந்தது. அடுப்பும் பிள்ளைகள் படுக்கும் பாயும் அந்த ஒரே அறைக்குள்தான். உதவியாளர் கிடையாது. சமைப்பதும் நான், பாட்டு சொல்லித் தருவதும் நான், கழுவிவிடுவதும் நான். எடை பார்க்கும் தராசு உடைந்து கிடந்தது. ஆனாலும் மாதாமாதம் எடை எழுதி அனுப்பியாக வேண்டும். பிள்ளையைக் கையில் தூக்கிப் பார்ப்பேன். போன மாதத்து எடையோடு கொஞ்சம் கூட்டி எழுதிவிடுவேன்.

காய்ச்சல் கண்ட உன் மகளை நீ செஞ்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாய். அங்கே எடை போட்ட நர்ஸ் உன்னைத் திட்டியிருக்கிறார். மறுநாள் என்னிடம் வந்தாய். சத்தம் போடவில்லை.

"புள்ள நல்லா இருக்குதுன்னு நீங்க எழுதினீங்க. அவங்க எலும்பா இருக்குதுன்றாங்க. எது டீச்சர் நெஜம்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தராசு ஒடஞ்சி போச்சும்மா. கேட்டா, இருக்கறத வச்சி ஓட்டுன்றாங்க."

மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டாய். பிறகு, "திங்கக்கெழம விழுப்புரத்துல மனு வாங்குறாங்களாமே. ரெண்டு பேரும் போயி கேக்கலாம்" என்றாய்.

வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டேதான் உன்னோடு பஸ் ஏறினேன். மனுவைப் புரட்டிய அதிகாரி, "பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போடுறாங்க இல்ல? அப்புறம் என்னம்மா?" என்றார்.

"தீனி போட்டா வேல முடிஞ்சுதுன்னு போறதுக்கு அது மாடு இல்ல சார், புள்ள. உங்க வூட்டுப் புள்ளய அந்த ரூம்ல வுடுவீங்களா?" என்றாய். அதோடு விடாமல் என் பக்கம் திரும்பினாய். "டீச்சர், நீங்களும் சொல்லுங்க."

"எடை போடாமலே எழுதினேன் சார்" என்றேன். சொல்லி முடித்தபோது என் முந்தானை நுனி கையில் கசங்கிக் கிடந்தது.

விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. அதே மாதம் தராசும் வந்தது. உன் மகளோடு இன்னும் ஐந்து பிள்ளைகள் எடை குறைவு. அத்தனை மாதமும் அந்த ஆறு பேரை என் பேனா மறைத்து வைத்திருந்தது.

கட்டடத்துக்கு நிதி கேட்டு மேலும் இரண்டு வருடம் அலைந்தோம். போன நாளெல்லாம் உனக்குக் கூலி இல்லை. கட்டடம் எழும்பியபோது மேஸ்திரியிடம் போய், "கொழாய இவ்ளோ ஒசரத்துல வச்சா புள்ளைக்கு எப்புடிண்ணே எட்டும்?" என்று கேட்டு இறக்கி வைக்கச் சொன்னாய். திறப்பு விழாவுக்கு முந்தைய மாதம், களையெடுக்க உன்னையும் ஏற்றிப்போன வண்டி அனந்தபுரம் சாலையில் கவிழ்ந்தது. மற்றவர்கள் காயத்தோடு பிழைத்தார்கள்.

உன் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். உதவியாளர் இடம் இன்னும் காலிதான். இந்த மாதம் இரண்டு பிள்ளைகள் எடை குறைவு. "மீட்டிங் வருது, கொஞ்சம் பாத்து எழுதுங்களேன்" என்றார் மேற்பார்வையாளர். தராசு காட்டியதைத்தான் எழுதினேன்.

வரும் திங்கட்கிழமை உதவியாளர் கேட்டு நான்கு தாய்மாரோடு விழுப்புரம் போகிறேன். உன்னைப் போல நின்ற இடத்தில் பேச எனக்கு இன்னும் வரவில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். பார்த்துப் படித்துவிடுவேன்.