தூண் ஆடாது

ஃப்ரீமான்ட்,
மார்ச் 9, 2025

ஷ்யாமளாவுக்கு அண்ணா எழுதுவது.

போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்கிறாய். அதனால்தான் கடிதம். மாப்பிள்ளையின் அறுபதாம் கல்யாணப் படங்கள் இருட்டாக இருக்கின்றன என்று ஊரெல்லாம் சொன்னாயாமே. வேண்டுமென்றேதான் அப்படி எடுத்தேன்.

அந்தக் கோவில் ஹாலில் வெளிச்சம் போதாது. அதற்காக கேமராவில் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சம் வாங்கும் எண்ணை, ஏற்றினால் முகத்தில் ரவை தூவியதுபோல் புள்ளி விழும். ஃபிலிம் காலத்திலிருந்து நான் நூறைத் தாண்டியதில்லை. யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, மூன்று கேமராக்களைப் பாழாக்கிக் கற்றது. டிஜிட்டலில் வெளுத்துப்போன இடத்தில் எதுவும் மிஞ்சாது. இருட்டில் எல்லாம் பத்திரமாக இருக்கும். அனுப்பிய பெரிய ஃபைல்களை உன் பிள்ளை அனிருத்தைக் கம்ப்யூட்டரில் வெளிச்சத்தை இரண்டு படி ஏற்றிப் பார்க்கச் சொல். பிறகு பேசு.

மகாதேவன்

ஜெர்சி சிட்டி,
மார்ச் 18

அண்ணாவுக்கு நமஸ்காரம்.

போட்டோகிராபர் வைக்கிறேன் என்றதற்கு, "நான் செத்தப்புறம் வெச்சுக்கோ" என்றது நீதான்.

அனிருத் ஏற்றிப் பார்த்தான். நீ சொன்னது சரி. ஈர வேஷ்டியின் மடிப்புகூடத் தெரிகிறது. ஆனால் கலசத் தண்ணீர் எங்கள் தலையில் விழுந்த பதினாலு படத்தில் ஒன்றில்கூட இவர் முகம் முகமாக இல்லை. இவர் அசைந்திருப்பார் என்றேன். "பின்னாடி பில்லரும் மூவ் ஆயிருக்கும்மா" என்றான்.

தூண் ஆடாது அண்ணா.

ஐஎஸ்ஓவை ஏற்றியிருந்தால் ஷட்டர் சட்டென்று மூடியிருக்கும், கை நடுங்கியது தெரிந்திருக்காது என்கிறான். அன்று பாயச டம்ளரை நீ இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாய். குளிருக்கு இதமாக என்று நினைத்தேன். எத்தனை நாளாக இப்படி? மன்னிக்குத் தெரியுமா? இதற்குப் பதில் எழுதாமல் மறுபடி ஐஎஸ்ஓ பாடம் நடத்தினால் அடுத்த ஃப்ளைட்டில் வந்து நிற்பேன்.

ஷ்யாமளா

ஃப்ரீமான்ட்,
ஏப்ரல் 2

ஷ்யாமளா,

கை நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஹாலில் குளிர் அதிகம். இந்தக் கடிதம் உன் மன்னி கையெழுத்தில் இருப்பது என் கண்ணாடி உடைந்துபோனதால். (உடையவில்லை. சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஜலஜா.)

வியாழக்கிழமை நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டால் நான் என்ன செய்ய? போகிறேன். டாக்டர் என்ன சொல்கிறார் என்று பார்க்கத்தான்.

நேற்று ஐஎஸ்ஓ மூவாயிரத்து இருநூறு வைத்து ஜலஜாவை அடுப்படியில் எடுத்தேன். கன்னமெல்லாம் ரவை. ஆனால் முகம் இருக்கிறது. அந்தப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

அனிருத்திடம் காட்டாதே.

மகாதேவன்